அட்ஜஸ்டுக்கு என்ன அர்த்தம்

போடியிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப்புகள் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும். ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிற பெண்கள் தூக்குவாளியும் பழைய ஸ்வெட்டருமாக வந்து நிற்பார்கள். எந்த ஜீப்பு எந்தத் தோட்டத்துக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்தில், தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு தமிழ் வழிப் பள்ளியில் எனக்கு ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. தற்காலிக வேலைதான். பஸ்சை நம்பிப் போனால் முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்று தலைமை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

முதல் நாள், பள்ளிக்கு வந்த புது டீச்சர் என்று சொல்லி விசாரித்து, ஒரு ஜீப்பின் பின்பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். எதிரெதிராக இரண்டு நீளச் சீட்டுகள். இரண்டிலும் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வாளிகளுக்கும் கால்களுக்கும் இடையே இன்னும் இரண்டு பேர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். இதில் ஏற முடியாது என்று திரும்பினேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"எங்க போறீக? ஏறுங்க. ஏய், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கடி. டீச்சரு நிக்கிறாகள்ல."

சீட்டு முழுவதும் ஒரு அசைவு ஓடியது. ஒவ்வொருத்தியும் விரற்கடை அளவு நகர்ந்தாள். கடைசியில் ஒரு ஆள் உட்காரும் இடம் எங்கிருந்தோ வந்துவிட்டது. ஆனால் நான் ஏறவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் கால் தானாக நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. நான் மதுரையில் ஏழு வருடம் வாழ்க்கைப்பட்டிருந்தவள். என் கணவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. பேசமாட்டார். ஒரு சின்னக் கோபம் வந்தால் மூன்று வாரம், நான்கு வாரம், சில சமயம் இரண்டு மாதம்கூட ஒரு வார்த்தை வராது. தட்டு வைத்தால் சாப்பிடுவார், சட்டை தேய்த்து வைத்தால் போட்டுக்கொள்வார். நான் அந்த வீட்டில் இருக்கிறேன் என்பதற்கு வேறு எந்த அடையாளமும் இருக்காது. முதல் வருடம் அம்மாவிடம் சொன்னேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கடி" என்றாள். மூன்றாம் வருடம் மாமாவிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். நாத்தனார் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். கடைசியில் குடும்ப ஆலோசனைக்கு என்று போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த படித்த அம்மாவும் அதையே சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. கைப்பையோடு ஸ்டேஷனுக்குப் போய் போடி ரயிலில் ஏறி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பிறகு, பாடம் நடத்தும்போது தவிர, அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதில்லை. கண்டக்டர் சொன்னால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"ஏறுங்க டீச்சர். நேரமாகுது" என்றார் அந்தப் பெண் மறுபடியும், கையை நீட்டி. தோட்டத்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். வேறு வழி இல்லாமல் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மலையடியில் இருக்கும் முந்தல் ஊரைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். மூன்றாவது வளைவில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மடியிலிருந்து உப்பு நாரத்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "கடிக்காதீக. கன்னத்துல அதக்கிக்கங்க. ரோட்டப் பாக்காம என் தோளப் பாருங்க" என்றார். நான் அப்படியே செய்தேன். போடிமெட்டு வரைக்கும் அந்த நீலக்கட்டம் போட்ட சட்டைத் தோளையே பார்த்துக்கொண்டு போனேன். அந்தத் தோளில் ஒரு தையல் பிரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து அவர் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் இருந்தது.

அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஊர் ராசிங்காபுரம். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள். இருட்டோடு எழுந்து சோறாக்கி, முதல் ஆட்டோவைப் பிடித்து போடிக்கு வந்து, ஜீப்பு ஏறி, மலையில் குளிரில் நாள் முழுக்க ஏலச்செடித் தூருக்கு அடியில் உட்கார்ந்து காய் எடுத்துவிட்டு, மறுபடியும் ஜீப்பு, ஆட்டோ, அடுப்பு. நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார், எப்போதும் 'நீங்க' போட்டுத்தான். மழைக்காலத்தில் படுதாவைப் பிடித்துக்கொண்டு, வெயில் காலத்தில் தூசிக்கு முந்தானையை இழுத்துக்கொண்டு, தினமும் ஒன்றரை மணி நேரம் மேலே, ஒன்றரை மணி நேரம் கீழே. என் கூடப்பிறந்தவர்களோடுகூட நான் இவ்வளவு நேரம் ஒட்டி உட்கார்ந்திருந்ததில்லை. கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு சாயும்போது அவர் கை என் மடிக்குக் குறுக்கே வந்து எதிர்க்கம்பியைப் பிடித்துக்கொள்ளும். நான் விழாமல் இருக்கத்தான். ஆனால் அதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை, பேச்சையும் நிறுத்தமாட்டார்.

அவருடைய பேச்சில் பாதி மகளைப் பற்றித்தான் இருக்கும். மகள் ரத்தப் பரிசோதனை செய்யும் படிப்புப் படித்தாள். அவள் முதல் பரீட்சை எழுதியது, இரண்டாம் பரீட்சை எழுதியது, சான்றிதழ் வாங்கியது எல்லாம் ஜீப்பு முழுவதற்கும் தெரியும். கம்பம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் ஒரு பைப்பு, மோட்டார் கடையில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகலாம் என்று அவனே சொன்னான் என்று அக்கா பூரித்துப்போய்ச் சொன்னார். கல்யாணம் நடந்தது. ஜீப்பே திரண்டு போய் வந்தோம்.

ஒரு வருடம் கழித்து, பனி இறங்கும் மாதத்தில், ஒரு வாரம் முழுக்க அக்கா பேசவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். சனிக்கிழமை, பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று நானும் போனேன். வளைவு ஒன்றில் எதிரே லோடு லாரி வந்ததால் ஜீப்பு நின்றது. அப்போது கேட்டார்.

"டீச்சர், அட்ஜஸ்ட்டுங்கிறது இங்கிலீசு வார்த்தைதானே?"

"ஆமாக்கா."

"அதுக்கு என்னா அர்த்தம்?"

எனக்குப் பகீர் என்றது. "பொறுத்துப் போறதுதான்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன மறுகணமே அது தவறு என்று எனக்குத் தெரிந்தது. நான் வகுப்பில் சொல்லித்தருகிறவள். கடிகார முள்ளை அட்ஜஸ்ட் செய்வது, தராசை அட்ஜஸ்ட் செய்வது, கண்ணாடியைக் கண்ணுக்கு நேராக அட்ஜஸ்ட் செய்வது. இதில் எதிலும் பொறுத்துப் போவது கிடையாது. எனக்கு அந்த அர்த்தத்தைத் தந்தது ஆங்கிலம் இல்லை, என் சொந்தக்காரர்கள்.

"இல்லக்கா, நான் சொன்னது சரியில்ல. நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்."

"டீச்சரே பாத்துட்டுத்தான் சொல்லணுமா?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு மெதுவாக, லாரி கடந்து போகும் சத்தத்திலேயே, விஷயத்தைச் சொன்னார்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரே ஒரு பையோடு வந்திருக்கிறாள். வேலைக்குப் போகக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். இரண்டு இடங்களுக்கு எழுதிப்போட்டாள் என்று தெரிந்ததும் சான்றிதழ்க் கோப்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டபோதெல்லாம் "இப்ப எதுக்கு?" என்ற பதில்தான். மாப்பிள்ளை வாசல்படியில் நின்று அம்மா முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். ஒரு நாள் அவளும் கிளம்பி வந்துவிட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு பேச வர்றாக. எல்லாரும் அதையேதான் சொல்றாக டீச்சர், அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொல்லுன்னு. நானும் சொன்னேன். எம்மக என்னைப் பாத்து, 'அம்மா, நீயுமா?'ன்னுட்டா." சொல்லிவிட்டு ஜீப்புக்கு வெளியே பார்த்தார். "தெரியாத வார்த்தைய வச்சு பிள்ளைய அடிச்சிட்டனோன்னு இருக்கு."

பள்ளியில் ஒரே ஒரு அலமாரிதான் நூலகம். அதில் யாரோ தானமாகக் கொடுத்த தடிமனான ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. மதிய இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு காலி வகுப்பறையில் உட்கார்ந்தேன். அந்தச் சொல்லுக்கு நேராக விரல் வைக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரையோ நேரில் பார்க்கப் போவதுபோல இருந்தது.

சொல்லின் பிறப்பு கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால் லத்தீன். 'அட்' என்றால் நோக்கி. 'யுக்ஸ்டா' என்றால் பக்கத்தில், ஒட்டி. பக்கத்தில் கொண்டுவருவது, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துவைப்பது, அவ்வளவுதான். நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் இதை 'யுஸ்டுஸ்' என்ற இன்னொரு லத்தீன் சொல்லோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நியாயமான, சரியான என்று பொருள். குழப்பம் அப்படியே ஒட்டிக்கொண்டதால் எழுத்தும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆக அந்தச் சொல்லுக்குள் பக்கமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. பொறுமை எங்கேயும் இல்லை.

மாலையில் போடிக்கு இறங்கியதும் கைப்பேசியிலும் தேடிப் பார்த்தேன். அங்கேயும் அதுவே இருந்தது. இரண்டு தரப்புக்கு இடையில் உள்ள பிணக்கைத் தீர்த்துவைப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் அந்தச் சொல் நன்றாகப் புழங்கியிருக்கிறது. ஒரு ஆள் தன்னை மாற்றிக்கொண்டு பழகிப்போவது என்ற பொருள் வெகு காலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்ததுதான். இன்னொன்றும் அன்றைக்குத்தான் என் புத்தியில் பட்டது. ஆங்கிலத்தில் அந்த வினையைச் சொன்னால் எதை என்றோ, எதற்கு ஏற்ப என்றோ பெரும்பாலும் கூடவே சொல்ல வேண்டிவரும். நாம் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று சொல்லும்போது எதை, எவ்வளவு, எதுவரைக்கும் என்று ஒன்றுமே சொல்வதில்லை. யார் என்பதுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா என் முகத்தைத்தான் பார்த்தார்.

"கிட்டக்க வர்றதுன்னு அர்த்தங்க்கா. பக்கத்துல கொண்டாந்து சேக்குறது."

அவர் நம்பவில்லை. "அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். அப்புறமா நியாயம்கிற அர்த்தமும் வந்து ஒட்டிக்கிருச்சு. அதோட தூரத்துச் சொந்தத்துல நுகத்தடிக்கு உண்டான இங்கிலீசு வார்த்தையும் இருக்கு."

"அதான் கழுத்து வலிக்குது" என்று எதிர்ச் சீட்டிலிருந்த ஒருத்தி சொன்னாள். ஜீப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தார், அந்த மாதத்தில் முதல் தடவையாக. பிறகு சிரிப்பு அடங்கி, தன் தொடையையும் என் தொடையையும் குனிந்து பார்த்தார். இடையில் ஒரு நூல் போகாது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி, அவளுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி.

"அப்பச் சரி" என்றார். "இங்க ஒருத்தர் ஏறுனா எல்லாரும்தானே நகர்றோம். ஒருத்தியை மட்டும் நகரு நகருன்னா அவ கடைசில ஜீப்ப விட்டு வெளியதான் விழணும்."

மதுரையில் ஏழு வருடம் என்னவென்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்ததை அவர் அப்படிச் சொல்லிவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. மலைக்காற்று என்று துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். என் கதை அவருக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து என் கைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம நீ வா" என்றார். "வந்து சும்மா ஒக்காந்திரு. எனக்குத் தெம்பா இருக்கும்."

மூன்று வருடம் நீங்க, வாங்க என்று பேசியவர். அது தன்னை அறியாமல் வந்ததா, அறிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து 'நீ'தான்.

போவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. அடுத்தவர் குடும்பத்தில், அதுவும் என்னைப்போல வாழாமல் வந்தவள் போய் உட்கார்ந்தால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஒருவேளை என்னால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை கெட்டுவிட்டால்? ஞாயிறு காலை இரண்டு தடவை சேலை கட்டி இரண்டு தடவை அவிழ்த்தேன். மூன்றாவது தடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அக்காவின் வீடு ஒரே அறை. பின்னால் ஒரு சமையற்கட்டு. மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். பாய் விரித்திருந்தது. மகள் சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். ஒல்லியான பெண். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தாய்மாமன்தான் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. நிதானமாகத்தான் பேசினார். பொம்பளைப் பிள்ளை, புகுந்த வீடு, பெரியவர்கள் சொல்வது என்று ஒரு சுற்று வந்து, "ஆகமொத்தம் தாயி, பிள்ளைய கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொல்லுங்க" என்று முடித்தார்.

அக்கா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்ல வார்த்தைதாண்ணே. நானும் எம்மககிட்ட அதையேதான் சொன்னேன். அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேன். நாங்க தெனமும் ஜீப்புல அத வச்சுத்தான் சோலிக்குப் போறோம். எடம் இல்லைன்னா அவளும் கொஞ்சம் நகருவா, நானும் கொஞ்சம் நகருவேன், கிட்டக்க வருவோம். எம்மக ஒரு வருசமா நகந்தா. காலைல எந்திரிக்கிற நேரத்த மாத்துனா, கட்டுற துணிய மாத்துனா, படிச்ச படிப்ப மூட்டை கட்டி வச்சா. ஒங்க பக்கம் யாரு நகந்தா? அதை மட்டும் சொல்லுங்க."

மாமியார் முகம் சிவந்துவிட்டது. "இதெல்லாம் யாரு சொல்லிக்குடுக்குறது?" என்று கேட்டவர் என்னைப் பார்த்தார்.

"டீச்சரைத்தான் கேட்டேன்" என்றார் அக்கா, மறைக்காமல்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று கத்துகிறவள்தான், அங்கே குரல் நடுங்கியது. "அந்த வார்த்தைக்கு முதல் அர்த்தம் பக்கத்துல கொண்டுவர்றதுதாங்க. நியாயமாச் சரிசெய்றதுங்கிறது அப்புறம் வந்துச்சு. ஒருத்தர் மட்டும் செய்ற வேலையா அது பொறக்கல" என்றேன்.

"பொஸ்தகத்துல ஆயிரம் இருக்கும்" என்றார் தாய்மாமன்.

"இருக்குந்தாங்க" என்றேன்.

மாப்பிள்ளை அதுவரை பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்தான். தண்ணீர் வேண்டும் என்றான். மகள் அசையவில்லை. அவனே அவளைத் தாண்டி சமையற்கட்டுக்குள் போனான். சற்றுப் பொறுத்து அவளும் உள்ளே திரும்பினாள். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அதன்பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பேசினார்களா, சும்மா நின்றார்களா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் வெளியே வந்தபோது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. "போவோம்மா" என்றான். மூவரும் கிளம்பிப் போனார்கள். முடிவு என்று எதுவும் இல்லை.

அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "கெடுத்துட்டனா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. மகள் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேரும் ஆறிப்போன காப்பியைக் குடித்தோம்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தச் சொல்லின் அர்த்தத்தையும் சொன்னேன். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியிருக்கும். அம்மா காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"அன்னிக்கு எனக்கு வேற வார்த்தை தெரியலடி" என்றாள். "வந்துருன்னு சொல்ல ஆசைதான். வந்தா என்ன செய்யுறதுன்னு தெரியல. பயந்துகிட்டு அதைச் சொன்னேன்."

ஏழு வருடமும் அதன்பிறகான வருடங்களும் அவள்மேல் எனக்கு ஒரு கசப்பு இருந்தது. சோற்றில் கல் கிடப்பதுபோல, பெரிதில்லை, ஆனால் நாக்கு அதைத்தான் தேடும். அன்று அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் அதைச் சொன்னபோது அவளுக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று பார்த்தேன். நகர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்து, மீதிக் கீரையை இரண்டு பேருமாக ஆய்ந்து முடித்தோம்.

ஒரு வாரம் போனது. செவ்வாய்க்கிழமை அக்கா ஜீப்பில் ஏறும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. ஏறி உட்காரும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை தனியாக பைக்கில் வந்திருக்கிறான். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டது. மழை தூறியிருக்கிறது. அவன் முழுக்க நனைந்திருக்கிறான், உறை நனையவில்லை. உள்ளே சான்றிதழ்க் கோப்பு.

"அவ கையில குடுத்துட்டு, 'எல்லாம் இருக்கான்னு பாத்துக்க'ன்னான். 'கூட வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லல டீச்சர். தலையத் துவட்டிக்கிறயான்னு எம்மக கேட்டா. துவட்டிக்கிட்டான். சாப்பிட்டான். போய்ட்டான்."

"பீரோச் சாவி?"

"அவுக அம்மாகிட்ட கேட்டே வாங்கிருக்கான். சண்டையாம். 'நம்ம பக்கமும் ஒருத்தர் நகரணும்லம்மா'ன்னானாம்."

ஜீப்பில் இருந்த பெண்கள் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். ஒருத்தி அவனை நல்லவன் என்றாள். இன்னொருத்தி, ஒரு கோப்பைக் கொண்டாந்து கொடுத்ததற்கு இவ்வளவு பெருமையா என்றாள். இருவர் சொன்னதும் சரியென்றுதான் எனக்குப் பட்டது.

எல்லாம் உடனே முடிந்துவிடவில்லை. மகளுக்கு போடியில் ஒரு சிறிய பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆறேழு மாதம் அம்மா வீட்டிலிருந்தே போனாள். அவன் சனிக்கிழமைதோறும் வந்து, ஞாயிறு மாலை திரும்பினான். பிறகு இரண்டு பேரும் போடியிலேயே ஒரு வீடு பார்த்தார்கள். அவன் தினமும் கம்பத்துக்கு பைக்கில் போய்வருகிறான். அவன் அம்மா அந்த வீட்டுப் படியை இன்னும் மிதிக்கவில்லை. மகன் கையில் மட்டும் மாதம் ஒருமுறை கருவாடு கொடுத்து அனுப்புகிறார், மருமகளுக்குப் பிடித்த கருவாடு. அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த அகராதியிலும் பார்க்க முடியாது.

அக்கா இப்போதும் மலைக்குப் போகிறார். முழங்கால் வலி வந்துவிட்டது. மகள் போகவேண்டாம் என்கிறாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார்.

போன மாதம் எனக்குத் தலைசுற்றல் இருந்தது. டாக்டர் ரத்தம் சோதித்து வரச் சொன்னார். காலையில் சாப்பிடாமல் அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்டு அவள்தான் இருந்தாள். வேலை செய்யும் இடத்தில் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கண்டதும் சிரித்தாள், ஆனால் வேலையை நிறுத்தவில்லை. முன்னால் இருந்த பெரியவருக்கு ரத்தம் எடுத்து, சீட்டு ஒட்டி, கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"கைய நீட்டுங்க டீச்சர். வெரல மடக்கி மூடிக்கங்க."

என் நரம்பு சுலபத்தில் அகப்படாது. முன்பு எடுத்த இடங்களில் இரண்டு மூன்று தடவை குத்தித்தான் எடுத்தார்கள். அவள் ரப்பர்ப் பட்டையைக் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நுனியால் என் முழங்கையின் உள்பக்கம் மெதுவாகத் தடவித் தேடினாள். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"இந்தா இருக்கு" என்றாள்.

ஊசி போனதே தெரியவில்லை. சின்னக் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டு, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். நானே அழுத்திக்கொள்வேன் என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். "சாப்பிடாம வந்திருக்கீக. கொஞ்ச நேரம் இப்படியே ஒக்காருங்க. நான் டீ சொல்றேன்."